பழைய கார் வாசனையை முழுசா எடுக்கறது எப்படி: பெர்ஃப்யூம், கெமிக்கல் ஒத்துக்காதவங்க வீட்டுக்கான வழிகாட்டி

செகண்ட் ஹேண்ட் கார்ல ஏறி உக்காந்த கொஞ்ச நேரத்துலயே தலைவலி, குமட்டல், தொண்டை கரகரப்பு, மூச்சு இழுப்புன்னு ஆரம்பிக்கறவங்க வீட்ல இருந்தா இது உங்களுக்குத்தான். எங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருக்காங்க, அதனால வண்டியைக் கழட்டிக் கழுவற வேலை எனக்குப் பழகிப்போச்சு, அப்புறம் தெரிஞ்சவங்க அவங்கவங்க காரை ஓட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க. வர்றவங்க முக்கால்வாசிப் பேர் ஏற்கனவே கடையில விக்கற ஏதாவது ஒரு ஸ்ப்ரேயை வாங்கி உள்ள அடிச்சிட்டுத்தான் வருவாங்க. எடுக்க வேண்டியது ஒண்ணா இருந்தது ரெண்டாயிடும்.

சாதாரண ஆளுக்கு நாத்தம் மூக்குக்குத் தெரியாம அமுங்கினா போதும், ஒத்துக்காதவங்களுக்கு அது போதாது. அதனால இங்க எதையும் உள்ள சேர்க்கப் போறதில்ல, இருக்கறதை எடுக்கறது மட்டும்தான் வேலை. வரிசை ரொம்ப முக்கியம்: காலி பண்றது, எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறது, தூசி உறியறது, தண்ணில துடைக்கறது, ஏசி, காய வெக்கறது, வெயில், கடைசியாத்தான் புது ஏசி ஃபில்டரும் வாசனையை உறியற கார்பன் பையும். நிறைய பேர் கடைசில இருக்கறதை முதல்ல செஞ்சு காசைக் கரைக்கறாங்க.

1. வாங்கறப்பவே பாதி வேலை முடியணும்

கன்சல்டிங்லயோ யூஸ்டு கார் ஷோரூம்லயோ வண்டியைக் காட்டறதுக்கு முன்னாடி டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டு, ஸ்ப்ரே அடிச்சு, ஒரு ஜெல் டப்பாவையும் வெச்சிருப்பாங்க. அது அவங்களுக்குத் தினப்படி வழக்கம். அதனால பாக்கப் போறதுக்கு முந்தின நாளே போன் பண்ணி, "உள்ள எதுவும் அடிக்காதீங்க, துடைக்கவும் வேணாம், அழுக்கா இருந்தாலும் பரவால்ல"ன்னு சொல்லிடுங்க. அழுக்கைக் கழுவிடலாம், பாலிஷை எடுக்கறதுதான் பாடு.

வண்டியை மத்தியானத்துல பாருங்க, கண்ணாடியெல்லாம் ஏத்தி ஒரு மணி நேரம் வெயில்ல நின்னதுக்கு அப்புறம். சூட்டுல எல்லாப் பொருளும் அதிகமா ஆவியாகும், அதனால ஒளிஞ்சிருக்கறதும் வெளிய வரும். காலைல ஏழு மணிக்குப் பாத்தா எந்தக் காரும் நல்ல கார்தான்.

கதவைத் திறக்கறப்ப ஒத்துக்காதவங்களை முதல்ல மோந்து பாக்க விடாதீங்க. வேற யாராவது பாத்து ஓகே சொன்னப்புறம், கதவு திறந்தபடியே அவங்க கிட்ட வரட்டும்.

வெள்ளத்துல நின்ன வண்டியை மட்டும் எவ்ளோ கம்மி விலைக்குக் குடுத்தாலும் தொடாதீங்க. சென்னைல 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் எக்கச்சக்க கார் முங்கிச்சு, அதெல்லாம் ஊர் மாறி விக்கறதும் நடக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, மண் கோடு தெரியும். டிக்கில ஸ்டெப்னிக்கு அடில கையை விட்டுப் பாருங்க, சீட்டை முன்னாடி பின்னாடி நகத்தறதுக்கு அடில இருக்கற இரும்புச் சட்டத்துல துரு இருக்கான்னு பாருங்க. தரைக்கு அடில இருக்கற பஞ்சு, ஒயரிங் சந்து எல்லாத்துலயும் சேறு போய் உக்காந்த வண்டில மக்கிய வாடையை முழுசா எடுக்கறது நடக்காத காரியம்.

சிகரெட் பிடிச்ச வண்டியையும் கண்டுபிடிச்சிடலாம், ஆஸ்ட்ரேயைக் கழுவி வெச்சிருப்பாங்க, ஆனா ரூஃப் துணி மஞ்சளா மாறியிருக்கும். சன் வைசரைக் கீழ இறக்கி, அதுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்த துணியோட நிறத்தையும் மத்த இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

2. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன வேணும்

முதல்ல ஆள். ஒத்துக்காதவங்க இந்த வேலையைச் செய்யக் கூடாது, பக்கத்துல நிக்கவும் வேணாம். என்95 மாஸ்க் போட்டா போதும்னு நினைக்கறாங்க, அது தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வேலை செய்யற ஆளும் அன்னிக்கு சென்ட், பாடி ஸ்ப்ரே எதுவும் போடாம, கண்டிஷனர்ல முக்காத துணியைப் போட்டுட்டு வரணும். சீட்ல உங்க சட்டை வாசனை ஒட்டிச்சின்னா அப்புறம் எது எங்கிருந்து வருதுன்னு புரியாம மண்டை காயும்.

சாமான் ரொம்ப இல்ல: நல்ல வேக்கம் கிளீனர், ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி, ரெண்டு பக்கெட், பெயின்ட் பிரஷ், காது குடையற பட்ஸ், பெடஸ்டல் ஃபேன், ஆப்ப சோடா, வாசனை சேர்க்காத சோப்பு. மைக்ரோஃபைபர் துணியைப் புதுசா பிரிச்சதும் ரெண்டு தடவை வெறும் தண்ணில அலசிடுங்க, புதுத் துணிலயும் ஒரு மருந்து வாடை இருக்கும்.

சோப்பு விஷயத்துலதான் எல்லாரும் மாட்டறாங்க. நம்ம ஊர்ல பாத்திரம் தேய்க்கற லிக்விட்ல லெமன் வாசனை இல்லாதது கிடைக்கறதே அபூர்வம். ஆன்லைன்ல வாசனை இல்லாத பேபி லிக்விட், பாத்திர லிக்விட் கிடைக்குது, லேபிள்ல ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீன்னு இருக்கணும். அன்சென்டட்னு மட்டும் போட்டிருந்தா சில சமயம் மூல வாசனையை மறைக்கவே ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்திருப்பாங்க, அதனால பின்பக்கம் பொருள் பட்டியல்ல ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம்னு ஏதாவது இருக்கான்னு படிச்சிட்டு வாங்குங்க.

அது கிடைக்கலைன்னா பூந்திக்கொட்டை. கொட்டையை எடுத்துட்டு பத்துத் தோலை ஒரு லிட்டர் தண்ணில கால் மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறினதும் துணில வடிகட்டிக்கங்க. அதுல இருக்கற சபோனின் நல்லா நுரைச்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ரெண்டு நாளைக்கு மேல வெக்காதீங்க, புளிச்சிடும். வெளிர் நிற சீட்ல லேசா பழுப்பு ஏறலாம், அதனால சீட்டுக்கு அடிப்பக்கம் ஒரு ஓரத்துல தடவிப் பாத்துட்டு ஆரம்பிங்க. பொடியா விக்கறதை வாங்காதீங்க, அந்தத் தூள் மூக்குல ஏறினாலே தும்மல்தான்.

எந்தப் பொருளா இருந்தாலும் வண்டில போடறதுக்கு முன்னாடி ஒரு பழைய துணில தடவி, காய வெச்சு, மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல ஒரு ராத்திரி வெச்சிடுங்க. மறுநாள் ஒத்துக்காதவங்க மூடியைத் திறந்து தூரத்துல இருந்து மோந்து பாக்கட்டும். இந்த ஒரு படியைத் தாண்டிட்டுப் போனவங்கதான் முழுக் காரையும் கழுவிட்டு, அந்தச் சோப்பு வாசனையை எடுக்க மறுபடி கழுவறாங்க.

3. கழட்ட முடிஞ்சதெல்லாம் வெளிய

ஃப்ளோர் மேட், சீட் கவர், ஸ்டியரிங் கவர், குஷன், டிஷ்யூ பாக்ஸ், கண்ணாடில தொங்கறது, டேஷ்போர்டுல ஒட்டினது எல்லாத்தையும் எடுங்க. பழைய ஓனர் வெச்ச பிள்ளையாரை எடுக்க மனசு வராது, தெரியும், வீட்டு பூஜை ரூம்ல வெச்சிட்டு அடில இருக்கற டபுள் டேப்பை மட்டும் சுரண்டுங்க. பல வண்டில அந்த இடத்துலதான் ஊதுவத்திச் சாம்பல், சந்தனம், காஞ்ச பூ எல்லாம் ஏசி வென்ட்டுக்குள்ள விழுந்து கிடக்கும்.

ரெக்சின் சீட் கவர், அஞ்சாறு லேயர் வெச்சு சீட்டு மாதிரி தைச்ச மேட் இதையெல்லாம் கழுவி மறுபடி போடலாம்னு நினைக்காதீங்க. அது அடில இருக்கற ஃபோமும் பசையும்தான் வாசனையே. அதை எடுத்தாலே பாதி வாசனை போன வண்டியெல்லாம் இருக்கு.

சீட்டுக்கு அடில, டிக்கி ஓரத்துல, ஸ்டெப்னி குழில பாச்சை உருண்டை கிடக்கான்னு தேடுங்க, எலிக்கும் கரப்பானுக்கும் பயந்து போட்டு வெச்சிருப்பாங்க. அதுல இருக்கற நாப்தலின் அப்படியே ஆவியாகித் துணி, ஃபோம் எல்லாத்துலயும் போய் ஒட்டிக்கும், கடைசி உருண்டையை எடுத்து ரொம்ப நாள் கழிச்சும் வாடை வரும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கற ஒரு என்சைம் பிறவிலயே கம்மியா இருக்கறது) உள்ள குழந்தைகளுக்கு இது ரத்தத்தையே பாதிக்கும், அதனால எதிர்காலத்துலயும் இதைப் போடாதீங்க. கரப்பான் ஸ்ப்ரே அடிச்சாங்களான்னும் பழைய ஓனர்கிட்ட வெட்கப்படாம கேட்டுடுங்க.

4. வாசனை எங்கிருந்து வருது

காலியான வண்டியை வெயில்ல மூடி வெச்சுட்டு, கதவைத் திறந்து ஒவ்வொரு இடமா மோந்து பாருங்க. மூக்கு ரெண்டு நிமிஷத்துல பழகிடும், அப்புறம் எதுவும் தெரியாது, அதனால நடுநடுல வெளிய போய் நல்ல காத்து வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்துட்டு அப்புறம் பேசிக்கறது நல்லது.

நமத்துப்போன வாடைன்னா தரை கார்பெட்டுக்கு அடில தண்ணி நிக்குது, இல்ல ஏசில பூஞ்சை. புளிச்ச வாடைன்னா பால், தயிர், வாந்தி ஏதோ சிந்தியிருக்கு. முடை நாத்தம்னா எலி. மூத்திரக் கவிச்சியா இருந்தாலும் எலிதான், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி கூடு கட்டியிருக்கும்.

லேசா தித்திப்பா ஒரு வாடை வந்து, முன் கண்ணாடி உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுன்னு படிஞ்சா ஹீட்டர் கோர்ல (டேஷ்போர்டுக்குள்ள இருக்கற சின்ன ரேடியேட்டர்) இன்ஜினைக் குளிர வெக்கற கூலன்ட் கசியுது. பெட்ரோல் வாடை, புகை வாடை, கேஸ் வண்டில கேஸ் வாடை, இதெல்லாம் சுத்தம் பண்ற விஷயமே இல்ல. வேலையை நிறுத்திட்டு நேரா மெக்கானிக். புகை உள்ள வந்தா கூடவே கார்பன் மோனாக்ஸைடும் வரும், அதுக்கு வாசனையே கிடையாது.

முன் சீட்டுக்கு அடில கார்பெட்டை அழுத்திப் பாருங்க, கை நனைஞ்சா மேல சுத்தம் பண்ணிப் பிரயோஜனமில்ல. சீட்டைக் கழட்டி கார்பெட்டைத் தூக்கணும், அதுக்கு அடில இருக்கற பஞ்சுதான் தண்ணியைக் குடிச்சு வெச்சிருக்கும். சீட் பொதுவா நாலு போல்ட்தான், ஆனா அடில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் லைன், யூடியூப் பாத்துக் கையை வெக்காதீங்க, பேட்டரியைக் கழட்டி எப்படி எடுக்கணும்னு தெரிஞ்ச ஆள்கிட்டயே விட்டுடுங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னும் பாக்கணும், கதவு ரப்பரா, ஏசி தண்ணிக் குழாய் அடைப்பான்னு. அதைச் சரி பண்ணாம காய வெச்சா அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

5. தூசியை உறியறது

தண்ணி தொடறதுக்கு முன்னாடி முழுசா வேக்கம் போடணும். தூசிலதான் பாதிப் பொருள் ஒட்டியிருக்கு, அதுமேல தண்ணி பட்டா சேறாகித் துணிக்குள்ள இன்னும் ஆழமா போய்டும்.

மேல இருந்து கீழ வாங்க: ரூஃப் துணி, கதவுக்குப் பக்கத்துல இருக்கற பில்லர், சீட், சீட்டுக்கும் நடுல கியர் இருக்கற கன்சோலுக்கும் இடைல இருக்கற சந்து, கடைசில தரை. ஒரு கைல பெயின்ட் பிரஷ்ஷால தட்டிக்கிட்டே இன்னொரு கைல வேக்கம் பைப்பைப் பிடிங்க. வேக்கம் மெஷினோட பின்பக்கக் காத்து காருக்குள்ள அடிக்காத மாதிரி மெஷினை வெளியவே வெச்சுக்கங்க, வாட்டர் வாஷ் கடைல இதை யாரும் கவனிக்கறதில்ல.

6. கண்ணாடி, பிளாஸ்டிக், பாலிஷ்

வெறும் தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால முன் கண்ணாடி உள்பக்கத்தைத் துடைங்க. துணில வழுவழுன்னு வந்தா அது பிளாஸ்டிக்லயும் பாலிஷ்லயும் இருந்து ஆவியாகிப் போய்ப் படிஞ்சது. இதை ஒரு மீட்டரா வெச்சுக்கங்க, எல்லா வேலையும் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி துடைக்கறப்ப எவ்ளோ கம்மியா வருதுன்னு பாத்தா எந்த அளவுக்கு உள்ள குறைஞ்சிருக்குன்னு தெரியும்.

டேஷ்போர்டு, கதவு உள்பக்கம், கன்சோல் எல்லாம் ஒரே மாதிரிதான்: ஒரு பக்கெட்ல சோப்புத் தண்ணி, இன்னொண்ணுல நல்ல தண்ணி. சோப்புத் துணியால தேய்ச்ச கையோட நல்ல தண்ணித் துணியால ரெண்டு தடவை எடுத்துடுங்க. சோப்பை விட்டு வெச்சா அதுவே தூசியைப் பிடிச்சு வாடையைப் பிடிச்சு வெச்சுக்கும். சிலிக்கோன் பாலிஷ் ஒரே தடவைல போகாது, விரல்ல வழுக்கறது நிக்கற வரைக்கும் வேற வேற நாள் துடைங்க. சீக்கிரம் போகணும்னு தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்கற ஆளைப் பாத்திருக்கேன், பிளாஸ்டிக் வெளுத்துப்போய் அதுலயே புது வாடையும் ஏறி உக்காந்துச்சு.

வென்ட்ல சொருகற கிளிப் பெர்ஃப்யூம் இருந்த வண்டின்னா அங்கதான் அதிக நேரம் செலவாகும். அந்த எண்ணெய் வழிஞ்சு வென்ட் இறக்கைக்குள்ள இறங்கியிருக்கும், ஏசி போடறப்பல்லாம் அது மேல காத்து பட்டு முகத்துல அடிக்கும். பட்ஸைச் சோப்புத் தண்ணில தொட்டு ஒவ்வொரு இறக்கையா துடைங்க, பட்ஸ் வாசனை இல்லாம வர்ற வரைக்கும். அப்படியும் போகலைன்னா வென்ட்டை மட்டும் தனியா மாத்திடலாம், சென்னைன்னா புதுப்பேட்டைல பழைய பார்ட் கிடைக்கும். வாங்கின வென்ட்டையும் ஊற வெச்சுக் கழுவிட்டு மாட்டுங்க, அது எந்த வண்டில எந்த பெர்ஃப்யூம் குடிச்சுட்டு வந்ததோ.

7. சீட், கார்பெட், ரூஃப் துணி, பெல்ட்

துணி சீட்டை முக்கி நனைக்காதீங்க. உள்ள இருக்கற ஃபோம் தண்ணியைக் குடிச்சா நம்ம ஊர் புழுக்கத்துல காயவே காயாது, பெர்ஃப்யூம் போய் பூஞ்சை வந்துடும். கொஞ்சமா நனைச்சு, தேய்ச்சு, உடனே வேக்கம் வெச்சு தண்ணியை உறிஞ்சுங்க. தண்ணி உறியற வெட் வேக்கம் வாடகைக்குக் கிடைச்சா அதுதான் பெஸ்ட்டு. ஸ்டீம் கிளீனரும் நல்லதுதான், வெறும் தண்ணிங்கறதால, ஆனா கடைக்காரர் டேங்க்ல சென்ட் ஊத்தியிருக்காரான்னு பாத்துக்கங்க.

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து கிடையாது. பால், வாந்தி மாதிரி புளிச்ச வாடைக்கு ஆப்ப சோடா வேலை செய்யும், ஏன்னா அந்த வாடைக்குக் காரணம் அமிலம், சோடா காரம். முதல்ல சாதாத் தண்ணியால கறையை எடுத்துட்டு, வெந்நீர் வேணாம் புரதம் கெட்டியாகி ஒட்டிக்கும், காஞ்சப்புறம் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு வேக்கம் போடுங்க. அடங்கலைன்னா என்சைம் கிளீனர், நாய் பூனை வெச்சிருக்கவங்க வாங்கறது. இங்க கிடைக்கறதுல நிறைய வாசனை சேர்த்தது, பாட்டில் டெஸ்ட்ல தேறினா மட்டும் போடுங்க. என்சைம் போடற இடத்துல வேற எந்த கிளீனரும் முன்னாடி போட்டிருக்கக் கூடாது, போட்டிருந்தா நல்லா அலசிடணும், இல்லைன்னா என்சைம் செத்துடும்.

சிகரெட்டுக்கு இது தலைகீழ். நிகோடின் காரத்தன்மை உள்ளது, அதனால வெள்ளை வினிகரைப் பத்து மடங்கு தண்ணில கலந்து துடைச்சா இளகி வரும். அப்புறம் வெறும் தண்ணியால துடைச்சிடுங்க. வினிகர் வாடையே சில பேருக்கு ஆகாது, ஆனா ரெண்டு நாள் காத்தோட்டத்துல அது போய்டும், நிகோடின் தானா போகாது.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒண்ணா கலக்கற வீடியோக்களைப் பாத்து ஏமாறாதீங்க. பொங்கறது பாக்க நல்லா இருக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசில மிஞ்சறது உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணு. வினிகரையும் ப்ளீச்சையும் மட்டும் விளையாட்டுக்குக் கூடக் கலக்காதீங்க, குளோரின் கேஸ் வரும்.

ரூஃப் துணியை ஈரத் துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அது ஃபோம்ல பசை போட்டு ஒட்டினது, நனைஞ்சா தொங்கிடும், அப்புறம் புதுத் துணி, புதுப் பசைன்னு ஆறு மாசம் வாசனை. சிகரெட் வண்டில மட்டும் இந்தத் துணிதான் கடைசி வரைக்கும் படுத்தும்.

சீட் பெல்ட்டை யாரும் நினைக்கறதே இல்ல, ஆனா அது கன்னத்துக்குப் பக்கத்துல வந்து உக்கார்ற பொருள். முழுசா இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, சோப்புத் தண்ணி, நல்ல தண்ணின்னு துடைச்சு, முழுசா காயற வரைக்கும் உள்ள விடாதீங்க. ப்ளீச் மட்டும் கூடவே கூடாது, பெல்ட்டோட பலம் போய்டும்.

எல்லாம் முடிஞ்சதும் நாலு கதவையும் திறந்து ஃபேனை வெச்சு காய விடுங்க. ராத்திரி முழுக்க ஆனாலும் பரவால்ல. ஈரத்தோட கண்ணாடியை ஏத்தி வெயில்ல விட்டீங்கன்னா அது இட்லிப் பானைதான், பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

8. ஏசி

ஏசி போட்டதும் முதல் அரை நிமிஷம் மட்டும் சிக்கு வாடை வந்து அப்புறம் குறைஞ்சா கூலிங் காயில்ல பூஞ்சை. அந்தக் காயில்ல தண்ணி கோத்துக்கிட்டே இருக்கும், தூசி படியும், இருட்டு வேற.

க்ளவ் பாக்ஸைக் கழட்டினா பின்னாடி ஃபில்டர் இருக்கும், பல வண்டில ஸ்க்ரூடிரைவர் கூட வேணாம். சில பழைய சின்ன வண்டில கம்பெனிலயே ஃபில்டர் குடுத்திருக்க மாட்டாங்க, அப்ப தூசி மொத்தமும் நேரா காயில்லதான். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுங்க, ஆனா புதுசு இப்ப மாட்டாதீங்க. இன்னும் வெயில்ல வெக்கற வேலை பாக்கி இருக்கு, அப்ப வெளிய வர்றதையெல்லாம் புது ஃபில்டர் குடிச்சிடும்.

வண்டி ஓடி ஏசி கொஞ்ச நேரம் ஓடினா அடில சொட்டு சொட்டா தண்ணி விழணும். விழலைன்னா குழாய் அடைச்சிருக்கு, அந்தத் தண்ணி உள்ளதான் எங்கயோ நிக்குது. முதல்ல அதை எடுங்க.

காயிலுக்கு ஸ்ப்ரே ஃபோம் கிளீனர்னு ஒண்ணு எல்லா சர்வீஸ்லயும் அடிப்பாங்க. அதுல வாசனையும் கிருமி நாசினியும் இருக்கும், அடிச்ச ஃபோம் முழுசா வழிஞ்சு வெளிய வராது, அப்புறம் மாசக்கணக்கா ஒவ்வொரு தடவை ஏசி போடறப்பவும் அது உள்ள வரும். ஒத்துக்காதவங்க வீட்டு வண்டிக்கு இதை நான் வேணாம்னுதான் சொல்லுவேன். ஏசி மெக்கானிக்கிட்ட ப்ளோயரைக் கழட்டச் சொல்லி, பிரஷ், வெறும் தண்ணி மட்டும் வெச்சு காயிலைக் கழுவச் சொல்லுங்க. எட்டாத இடத்துல இருந்தா டேஷ்போர்டையே இறக்கணும், செலவு அதிகம், அது ரொம்ப மோசமான வண்டிக்கு மட்டும்.

கழுவினதும் ஏசி ஸ்விட்சை ஆஃப் பண்ணி, ப்ளோயரை ஃபுல்லா வெச்சு, வெளிக் காத்து மோடுல, கதவைத் திறந்து நல்லா காய விடுங்க.

9. வெயில்ல வெச்சு எடுக்கறது

துடைச்சு எடுக்க முடியாம பிளாஸ்டிக்குக்கும் ஃபோமுக்கும் உள்ள ஊறிப்போனதை வெளிய கொண்டுவர்றது சூடு ஒண்ணுதான். இந்த விஷயத்துல நம்ம ஊர் வெயில் வரப்பிரசாதம். மாசியில இருந்து ஆனி வரைக்கும் சரியான நேரம். ஐப்பசி கார்த்திகைல வாங்கினவங்க மழை முடியற வரைக்கும் துடைக்கற வேலையோட நிறுத்திக்கங்க.

வண்டி முழுசா காஞ்சிருக்கணும், உள்ள சானிடைசர், லைட்டர், ஸ்ப்ரே டப்பா எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடி ஏத்தி உச்சி வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம். குழந்தைங்க பக்கத்துல விளையாடினா வண்டியைப் பூட்டியே வைங்க.

அப்புறம்தான் முக்கியமான வேலை: எல்லாக் கதவும் டிக்கியும் திறந்து, ஒரு பக்கம் ஃபேன் வெச்சு அரை மணி நேரம் அந்தக் காத்தை வெளிய தள்ளணும். திறக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் திறந்துட்டு தள்ளி நில்லுங்க. சும்மா வெயில்ல விட்டு, சாயந்திரம் ஆறினப்புறம் திறந்தீங்கன்னா வெளிய வந்த பொருளெல்லாம் மறுபடி சீட்லயே போய் ஒட்டிக்கும். அதனால லீவு நாள்ல, கூட இருந்து பண்ணுங்க.

ரெண்டு மூணு தடவைக்கு ஒருக்கா கண்ணாடி, டேஷ்போர்டை ஈரத்துணியால துடைச்சு எடுங்க. எத்தனை நாள்னு கேப்பாங்க, வண்டிக்கு வண்டி மாறும். லேசான பெர்ஃப்யூம் ஒரு வாரத்துல அடங்கிடும், சிகரெட், நாப்தலின் எல்லாம் ஒரு கோடையே கேக்கும்.

10. ஓசோன் வேணாம்

வெயில் வேலை இழுக்குதுன்னு பொறுமை போற நேரத்துலதான் யாராவது நாத்தத்தைப் போக்க ஓசோன் வாயு விடற மெஷின் பத்திச் சொல்லுவாங்க. சாதாரண வண்டிக்கு என்னவோ பண்ணிக்கட்டும், ஒத்துக்காதவங்க வண்டிக்கு இது ஆபத்தான வழி. ஓசோனே நுரையீரலை அரிக்கற வாயு. அதோட பெர்ஃப்யூம்ல எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைக்குச் சேர்க்கற லிமோனின் மாதிரி பொருளோட சேந்தா கண்ணு தொண்டையை எரிய வைக்கற ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும், நிகோடினோட சேந்தா ரொம்ப நுண்ணிய துகளை உண்டாக்கும். தெரிஞ்ச வாசனை போய்த் தெரியாத ஒண்ணு வந்து உக்காரும். ரப்பர்லயும் வெடிப்பு விழ வைக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு ஓசோனால காத்துல இருக்கற அசுத்தத்தைப் பெரிசா எடுக்க முடியாதுன்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏவே சொல்லுது. அயனைசர்னு சிகரெட் லைட்டர்ல சொருகற சின்ன மெஷின்ல சிலதும் ஓசோன் விடும்.

எலுமிச்சம்பழம், காபித் தூள், பச்சைக் கற்பூரம், வேப்பெண்ணெய், எல்லாம் இயற்கைதானேன்னு கொண்டுவர்றாங்க. இயற்கை வாசனையும் வாசனைதான், ஒத்துக்காத உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

11. கடைசியா ஃபில்டரும் கார்பனும்

இப்ப புது ஃபில்டர் மாட்டலாம். கார்பன் லேயர் இருக்கற கருப்பு ஃபில்டரா வாங்குங்க, வெள்ளை ஃபில்டர் தூசியை மட்டும்தான் பிடிக்கும். வாசனை சேர்த்த ஃபில்டரும் விக்கறாங்க, அட்டையைப் படிங்க. மாட்டினதும் ஒத்துக்காதவங்க இல்லாம ரெண்டு மூணு தடவை ஓட்டிட்டு அப்புறம் குடுங்க.

ஆக்டிவேட்டட் கார்பன் பை ரெண்டை சீட்டுக்கு அடில வெக்கலாம். அது மிச்சம் மீதியைப் பிடிக்கத்தான், மூலம் அப்படியே இருக்கற வண்டில ரெண்டு கிலோ வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. அடுப்புக் கரியைப் பொட்டலம் கட்டி வெக்கறது இதுக்கு ஈடாகாது, மேல கரி ஒட்டறதுதான் மிச்சம். வெயில்ல காய வெச்சா புதுசாயிடும்னு பை மேல எழுதியிருக்கும், ஈரம்தான் போகும், பிடிச்ச பொருள் முழுசா போகாது, சில மாசத்துல மாத்துங்க.

12. ஏறிப் பாக்கறது

ஒரே நாள்ல திருப்பதிக்குக் கிளம்பிடாதீங்க. முதல் நாள் கதவு திறந்தபடி அஞ்சு நிமிஷம் உக்காரட்டும். மறுநாள் வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னா கதவை மூடி, அப்புறம் ஏசியோட, அப்புறம் வெயில்ல நின்ன வண்டில, அப்புறம் ஒரு சின்ன ரவுண்டு. சில பேருக்கு அறிகுறி மறுநாள்தான் தெரியும், அதனால ஒவ்வொரு படிக்கும் நடுல ஒரு நாள் இடைவெளி விடுங்க. ஆஸ்துமா உள்ளவங்கன்னா இன்ஹேலர் கைல இருக்கணும், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறதும் நல்லது.

எங்கயாவது ஒத்துக்கலைன்னா உடனே எல்லாத்தையும் மறுபடி கழுவ ஆரம்பிக்காதீங்க. ஏசி போடறப்ப மட்டுமா, வெயில்ல மட்டுமா, பின் சீட்ல மட்டுமான்னு பிரிச்சுப் பாருங்க, அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்க. ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான் செய்யணும், ரெண்டை ஒண்ணா செஞ்சா எது உதவிச்சுன்னு தெரியாம போய்டும்.

ஒரு முழு வெயில் காலம் தாண்டியும் வண்டி மூடி வெச்சா ஏற முடியலைன்னா அந்த வண்டியை வித்துடுங்க. ஃபோம், கார்பெட், ரூஃப் எல்லாம் மாத்தற செலவுல வேற நல்ல வண்டிக்கு வித்தியாசப் பணம் கட்டிடலாம், அதோட அந்தப் புது ஃபோமும் பசையும் வேற மாசக்கணக்கா வாசனை விடும்.

13. அதுக்கப்புறம்

பூஜை போடறப்ப சூடம், சாம்பிராணியை வண்டிக்கு வெளிய காட்டச் சொல்லுங்க, பன்னீரை உள்ள தெளிக்க விடாதீங்க. சந்தனப் பொட்டு பேனட்ல வெச்சா போதும்.

வண்டியை நிறுத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசியை ஆஃப் பண்ணி ப்ளோயரை மட்டும் ஓட விடுங்க, காயில் காஞ்சா பூஞ்சை வராது. லாரி, பஸ் புகைக்குப் பின்னாடி மாட்டறப்ப மட்டும் உள்காத்து மோடு, மத்த நேரம் வெளிக்காத்து. எப்பவும் உள்காத்துலயே ஓட்டினா உள்ள மிச்சம் இருக்கறதையே திரும்பத் திரும்ப சுவாசிக்கணும்.

சீட் கவர் வேணும்னா காட்டன் துணில தைச்சு, நாலஞ்சு தடவை துவைச்சுட்டுப் போடுங்க.

சர்வீஸ் விடறப்பதான் பெரிய கண்டம். இத்தனை நாள் செஞ்சதை அங்க ஒரு பையன் பாலிஷ் பாட்டிலை எடுத்து அஞ்சே நிமிஷத்துல காலி பண்ணிடுவான், அவன் மேல தப்பில்ல, எல்லா வண்டிக்கும் அதான் வழக்கம். வாயால சொன்னா பத்தாது. ஜாப் கார்டுல "உள்ளே சுத்தம் செய்ய வேண்டாம், ஸ்ப்ரே, பாலிஷ், ஏசி ஃபோம், அண்டர் கோட்டிங் எதுவும் வேண்டாம்"னு எழுத வைங்க. அதையே பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி ஸ்டியரிங்ல ஒட்டுங்க, டேஷ்போர்டுல ஒண்ணு. வண்டி எடுக்கப் போறப்ப ஒத்துக்காதவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, நீங்க போய் நாலு கண்ணாடியையும் இறக்கி ஓட்டிட்டு வந்து, ஒரு நாள் நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் சாவியைக் குடுங்க.